பருந்தின் வழியும் கமக்காரரின் வயலும்

கொழும்பு முகத்துவாரத்திலே, களனி கங்கை கடலொடு கலக்குமிடத்தில், செம்பருந்துகள் வட்டமிடுவதை எவரும் காணலாம். நெல்வயல்களின் மேல் கருந்தோட் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்று எலியைத் தேடும். இவற்றைக் கண்ணாற் கண்டறியலாம். கடல் கடந்து செல்லும் பறவையின் வழியை அறிவதற்கோ கருவியின் துணை வேண்டும்.

கருவி இயங்கும் முறை

பறவையை வலையிற் பிடித்து, அதன் முதுகில் மெல்லிய நாடாவினால் சிறு வானொலிக் கருவியொன்றைக் கட்டி விடுவர். சூரிய ஒளியால் இயங்கும் அக்கருவியின் அலைகளைச் செய்மதி ஏற்றுத் தரைநிலையத்துக்கு அனுப்பும். அதனால் பறவை இருக்குமிடம் தெரியவரும். கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு 3 பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவிதி.

கருவியால் அறிந்தவை

இந்தியாவின் நாகாலாந்தில், டொயாங் நீர்த்தேக்கத்தருகே, 2012ஆம் ஆண்டில் அமூர் வல்லூறுகள் பெருந்தொகையாக வலையிட்டுக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டில் ஊர்மக்கள் வேட்டையைக் கைவிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் 3 வல்லூறுகளுக்குக் கருவி பொருத்தப்பட்டது. ஈசலையும் வெட்டுக்கிளியையும் உண்ணும் இப்பறவை அரபிக் கடலைத் தாண்டி ஆபிரிக்கா செல்வதை அக்கருவிகள் காட்டின.

வட அமெரிக்காவின் சுவெயின்சன் பருந்து மாரிக்காலத்தை எங்கே கழிக்கின்றது என்பதும் இம்முறையாலேயே தெளிவாயிற்று. 1994இல் கருவி கட்டப்பட்ட பருந்துகளைத் தொடர்ந்து ஆர்ஜென்டீனாவுக்குச் சென்ற ஆய்வாளர், வயல்களிற் செத்துக் கிடந்த பருந்துகளையே கண்டனர். வெட்டுக்கிளிக்குத் தெளித்த மொனோகுரோட்டோபொஸ் நஞ்சே காரணம். நஞ்சுண்ட வெட்டுக்கிளிகளைத் தின்று, 1995-96 பருவத்தில் ஏறக்குறைய 20,000 பருந்துகள் மடிந்தன எனக் கணிக்கப்பட்டது. பின்னர் அந்நாடு அந்நஞ்சைத் தடைசெய்தது. இலங்கையில் 1995இல் அது தடைசெய்யப்பட்டது.

பயிரின் பகைவனை உண்ண வந்த பறவை, பயிருக்கிட்ட நஞ்சினால் மடிந்தது. அதனாற் கமக்காரர் தம் துணையையே இழந்தனர்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பீடையின் அளவைப் பார்த்த பின்னரே மருந்து தெளிக்க வேண்டும். விதந்துரைத்த அளவை மீறலாகாது.

2. எலிநஞ்சு வைத்தால், செத்த எலிகளை நாள்தோறும் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். அவற்றை உண்ணும் பருந்தும் ஆந்தையும் இறக்கக்கூடும்.

3. வயலில் ஆங்காங்கே குறுக்குக் கம்பு கட்டிய தடிகளை நாட்டினால், பறவைகள் அமர்ந்து எலியையும் புழுவையும் பிடிக்கும். தானியம் உண்ணும் பறவைகள் அமராதவாறு, கதிர் முற்றும்போது தடிகளை அகற்றிவிட வேண்டும்.

நஞ்சுக்குப் பணம் வேண்டும். எலி பிடிக்கும் பருந்துக்குக் கூலியில்லை. அதனைக் காப்பது கமக்காரருக்கே இலாபமாகும்.