நிலநடுக்கமும் ஆழ்நில நுண்ணுயிரிகளும்: கொய்னாவை முன்வைத்து

கதிரொளி எட்டாத ஆழ்நிலப் பாறைகளிலும் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவற்றின் உணவாற்றலுக்கு நிலநடுக்கமும் ஒரு வாயிலாகலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மகாராட்டிரத்தின் கொய்னாவில் அணைநீர் தேக்கப்பட்ட பின்னர் நிலநடுக்கங்கள் தொடர்கின்றன. 1967 டிசம்பரில் 6.3 அளவிலான பெருநடுக்கம் நேர்ந்தது. அங்கு ஏறத்தாழ 1.2 கி.மீ. தடித்த எரிமலைப் பாறைக்கு அடியில் கருங்கல் தளம் உள்ளது. துளையிட்டு எடுத்த அக்கருங்கல் மாதிரிகளில் நுண்ணுயிரிகளின் மரபுப்பொருளைக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

நடுக்கத்தில் பாறை நொறுங்கும்போது அதிலுள்ள சிலிக்கான் பிணைப்புகள் அறுபடுகின்றன. அப்புதிய பரப்பை நீர் தொடுங்கால் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. உயிர்வளியின்றியே அதனை ஆற்றலாகக் கொள்ளும் நுண்ணுயிரிகள் உள. பிளவுகள் புதிய நீர்வழிகளைத் திறக்கவும், பழைய வழிகளை அடைக்கவும் கூடும். எனவே, நிலநடுக்கத்தை அழிவாக மட்டுமே கொள்ளும் பார்வை மறுஆய்வுக்குரியது.