புதிய இருதய வால்வும் இளைஞரின் உடல்நலமும்

மனித இருதயத்தில் நான்கு வால்வுகள் அமைந்துள்ளன. இரத்தத்தை ஒரு திசையிலேயே செல்லவிட்டு, அது பின்னோக்கித் திரும்பாவண்ணம் தடுப்பது இவற்றின் வேலையாகும். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை இவை திறந்து மூடுகின்றன. மேனாடுகளில் வால்வுக் கோளாறு பெரும்பாலும் முதுமையில் தோன்றுகிறது. நம் நாட்டிலோ இளைஞர்களும் இளம் பெண்களும் இதனால் பெரிதும் துன்புற்று வந்துள்ளனர். இதற்கு முக்கிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல் ஆகும். 5 முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி புகுந்து உண்டாக்கும் இந்நோய், சில ஆண்டுகளுக்குப் பின் வால்வுகளைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடுகிறது. மிகவும் பழுதுபட்ட வால்வை அகற்றிவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்துவதே அப்போது வழியாகிறது.

திருவனந்தபுரத்தில் உருவான வால்வு

அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டில் டாக்டர் ஆல்பர்ட் ஸ்டார் என்பவரும், எட்வர்ட்ஸ் என்ற பொறியியலாளரும் அமைத்த வால்வு வெற்றி கண்டது. வெளிநாட்டு வால்வின் விலை நம் மக்களுக்கு எட்டாததாக இருந்தமையால், திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்கும் முயற்சி தொடங்கிற்று. முந்திய மாதிரிகள் சோதனையில் தேறவில்லை. ஒன்றில் நீலக்கல்லாலான தட்டு உடைந்துவிட்டது. இறுதியில், குரோமியமும் கோபால்ட்டும் கலந்த உலோகக் கூட்டினுள் உறுதிமிக்க பாலிஎதிலீன் தட்டு சாய்ந்து திறக்கும் அமைப்பு வெற்றி பெற்றது. இது 1990 டிசம்பர் 6-ஆம் தேதியன்று முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

விலங்குத் திசுவால் செய்யப்படும் வால்வுகளும் உண்டு. ஆயினும் இளம் வயதினரின் உடலில் அவை விரைவில் பழுதடைகின்றன. ஆகவே இளைஞர்களுக்குப் பெரும்பாலும் இயந்திர வால்வே பொருத்தப்படுகிறது.

முதல் மூன்று மாதங்கள்

இந்நகரின் கிழக்குக் கோட்டையையடுத்துள்ள சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாகத் தொழில் நடத்தி வருகின்றனர். அங்கு மளிகைக் கடையில் பணிபுரியும் 25 வயது இளைஞர் ஒருவர் இச்சிகிச்சை பெற்று வீடு திரும்புவதாக வைத்துக் கொள்வோம். அவர் முதலில் அறிய வேண்டுவது யாதெனில், இருதயத்தை எட்டுவதற்காக அறுக்கப்பட்ட மார்பெலும்பு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதாம். அது கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும், முழு வலிமை பெறச் சுமார் 3 மாதங்களும் செல்லும். அதுவரை அரிசி மூட்டையைத் தூக்குதல், கனத்த கதவை இழுத்தல், இரு சக்கர வண்டி ஓட்டுதல் ஆகியவை கூடா. இருமும்போது தலையணையொன்றை மார்போடு அணைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும். ஆயினும் படுக்கையிலேயே கிடத்தலும் தவறு. நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டிவருதல் வேண்டும். பசியின்மை, உறக்கக் குறைவு, காரணமற்ற மனச்சோர்வு ஆகியவை சில வாரங்கள் தோன்றுவது இயல்பு. இரவின் அமைதியில் வால்வின் மெல்லிய ஒலி செவியில் படலாம். அது வால்வு இயங்குவதன் அறிகுறியேயன்றி, அஞ்சத்தக்கதன்று.

மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும்

மூன்று மாதங்கள் கழிந்தபின் இளைஞர் தம்மை முழு நலம் பெற்றவராகவே உணர்வார். உண்மையான ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. செயற்கைப் பொருளின்மீது இரத்தம் உறையும் இயல்புடையது. அவ்வுறைகட்டி வால்வை இயங்கவொட்டாமல் நிறுத்திவிடலாம். மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் விளைவிக்கலாம். இதனைத் தடுக்க வார்பரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, பின்னர் மனிதர்க்கும் பயன்பட்ட விந்தையான மருந்து இது. குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் இரத்தப் போக்கு உண்டாகும். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. மருந்து உண்ணாதவருக்கு இவ்வெண் சுமார் 1 ஆகும். மைட்ரல் வால்வு மாற்றப்பட்டவருக்கு இது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருத்தல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் உரிய அளவை மருத்துவரே நிர்ணயிப்பார். ஒருவேளை மாத்திரை தவறிவிட்டால், அன்றே நினைவு வந்ததும் உட்கொள்ளலாம். மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளுதல் ஆகாது.

முருங்கை, அகத்தி முதலிய கீரைகளிலுள்ள வைட்டமின் கே இம்மருந்தின் செயலைக் குறைக்கும். இதனால் கீரையை அறவே விலக்க வேண்டும் என எண்ணுவது பிழை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறு வாரம் சிறிதுமின்றியும் உண்ணாமல், ஏறக்குறைய ஒரே அளவாக உண்பதே முறை. தலைவலி மாத்திரையாயினும், நாட்டு மருந்தாயினும், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

வேறு சில எச்சரிக்கைகள்

காரணம் தெரியாத காய்ச்சல் குளிருடன் வருமாயின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிருமிகள் புது வால்வில் குடியேறியிருக்கக்கூடும். பல் பிடுங்குமுன் வால்வைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கூறின், அவர் தடுப்பு மருந்து அளிப்பார். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் பென்சிலின் ஊசியை மருத்துவர் கூறும் காலம்வரை நிறுத்தலாகாது.

மணமான இளம் பெண்கள் ஒன்றைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரங்களில் வார்பரின் சிசுவின் உறுப்புகளைப் பாதிக்கக்கூடும். அதற்கஞ்சித் தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் தாயின் உயிருக்கே கேடு நேரும். கருவுறுவதற்கு முன்னரே மருத்துவரை நாடின், மருந்தைத் தக்கவாறு மாற்றியமைக்க இயலும். இவ்விஷயத்தைக் கணவனும் மாமியாரும் அறிந்திருத்தல் நலம். வீட்டாரிடம் மறைப்பதால் விளையும் தீங்கு பெரிது.

விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் உழைத்து அளித்த வால்வு, கோடிக்கணக்கான முறை திறந்து மூடும் வலிமை வாய்ந்தது. அது தடையின்றி இயங்குவதோ நாள்தோறும் ஒரு மாத்திரையையும் குறித்த நாளில் ஒரு பரிசோதனையையும் பொறுத்தது. உடல் நன்றாயிருக்கும் நாளிலும் இவற்றைக் கைவிடாத இளைஞர் கடைக்குத் திரும்பலாம், குடும்பம் நடத்தலாம், நெடுநாள் வாழலாம்.