நீத்தாருக்கு ஞானஸ்நானம்

இறந்தாரை மறவாமை மாந்தர்க்கெல்லாம் பொதுவியல்பு. இந்துக்கள் நீர்க்கடன் ஆற்றுகின்றனர். கத்தோலிக்கர் நவம்பர் 2-ஆம் நாளில் கல்லறைகளில் விளக்கேற்றுகின்றனர். ஆயின், இறந்தாரைத் தம் சமயத்திற் சேர்க்க முயலுதலும் அவர்க்காற்றும் கடனாகுமோ? மார்மன் சபையாரின் வழக்கமொன்று இவ்வினாவை எழுப்பியுள்ளது.

ஜோசப் ஸ்மித் என்பார் 1830-இல் அமெரிக்காவில் இச்சபையை நிறுவினார். ஞானஸ்நானமின்றி இறந்தவர் பொருட்டு உயிரோடிருப்பவர் ஒருவர் மூழ்கி எழலாம் என்று 1840-இல் அவர் போதித்தார். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவர். தொடக்கத்தில் மிசிசிப்பி ஆற்றில் நிகழ்ந்த இச்சடங்கு, பின்னர்ப் பன்னிரண்டு எருதுருவங்கள் தாங்கும் தொட்டிகளில் ஆலயங்களுக்குள்ளே நிகழலாயிற்று. நற்செய்தி கேளாது மறைந்தாரும் மீட்படைய வழி வேண்டும் என்பதும், அவ்வான்மா இதனை ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடையது என்பதும் அவர்தம் கொள்கை. அன்பினின்று பிறந்த எண்ணமே இஃது என்பதை மறுத்தல் நேர்மையன்று. எனினும், ஏனைய பெருஞ்சபைகள் இவ்வழக்கத்தை ஏற்கவில்லை.

பிணக்கு எங்ஙனம் எழுந்தது? நாஜிகளாற் கொல்லப்பட்ட யூதர் பலரின் பெயரால் இச்சடங்கு நடந்தமை வெளிப்படவே, யூதர் பெரிதும் வருந்தினர். யூதராயிருந்தமையாலேயே கொலையுண்டவரை இறந்தபின் வேறொரு சமயத்தாராக்குதல் தகுமோ என்பது அவர் கேள்வி. அத்தகையோர் பெயர்களை விலக்குவதாக 1995-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆயினும், சைமன் வீசெந்தாலின் பெற்றோர்க்கும் அவ்வாறு செய்யப்பட்டதென 2012-இல் தெரியவந்தபோது, சபையார் மன்னிப்புக் கோரினர். நம் காந்தியடிகள் பெயராலும் இச்சடங்கு நடந்ததென்று அதே ஆண்டில் செய்தித்தாள்கள் எழுதின. மலைப்பிரசங்கத்தை நெஞ்சாரப் போற்றியும் இந்துவாகவே வாழத் துணிந்தவர் அவர் என்பதை யாவரும் அறிவர்.

இது தொலைதேசத்து வழக்கென்று என்னால் ஒதுக்க இயலவில்லை. எம் ஊர் வாலாஜாபேட்டை. எம் குடும்பம் கிறிஸ்து மார்க்கம் தழுவியது பாட்டனார் காலத்தில். அவர் தந்தையார் இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் சாலையொன்றில் உழைத்து, முன்னோர் வழிபாட்டிலேயே நின்று மறைந்தவர், பாலாற்றங்கரையில் அடக்கமானவர். ஆண்டுதோறும் ஈஸ்டர் விடியலில் நாங்கள் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லுங்கால், பாட்டியார் ஒரு முழம் பூவைத் தனியே எடுத்துவைப்பார். திரும்பும் வழியில் ஆற்று மணலில் அதனை இடுவார். மார்மன் வழக்கத்தை அவர்க்கு எடுத்துரைத்து, "மாமனாருக்கும் அவ்வாறு செய்யலாமென்றால் இசைவீர்களா?" என்று வினவினேன். நெடுநேரம் பேசாதிருந்தவர், "உயிரோடிருந்தபோதே கேட்டோமப்பா, வேண்டாமென்றார். இப்போது கேளாமற் செய்யலாமா?" என்றார்.

அம்மொழியிலே வழக்கு முழுதும் அடங்கிற்று. நம் ஆம்பூர்ப் பக்கத்துப் பல்லவர் கால நடுகற்கள், மாண்ட வீரரை அவர் வாழ்ந்தவாறே நிறுத்தி வணங்குகின்றன. இறந்தவர்பாற் கொள்ளும் அன்பு, அவர் மறுத்ததையும் மதித்தல் வேண்டும். அப்பாற்பட்ட மீட்பின் கவலையைக் கடவுளிடம் ஒப்புவித்து, பாட்டியாரைப் போல ஒரு முழம் பூ இட்டு வருதல் நமக்குச் சாலும்.