குட்டி வந்த முதல் மாதம்

கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்ட நாய்க்குட்டியின் மூக்கைப் பிடித்து அந்த ஈரத்திலேயே தேய்க்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பார்க்கவே மனம் பதறுகிறது. இரண்டு மாதக் குட்டிக்குச் சிறுநீரை அடக்கும் வலுவே வந்திருக்காது. இப்படித் தண்டித்தால், யார் கண்ணிலும் படாமல் கட்டிலுக்கு அடியில் போகத்தான் அது பழகும்.

எப்போது வாங்கலாம்?

ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியோ, குறைந்தது 8 வாரம் தாயோடு இருக்க வேண்டும். கூடப்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்கிறது. ஒரு மாதக் குட்டியை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இடமும் நேரமும்

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள்ளும், விளையாடி முடித்ததும் குட்டிக்கு வெளியே போக வேண்டியிருக்கும். வயிறு நிறைந்தால் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கிவிடும். அதனால் உணவை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளையாகப் பிரித்து, நேரம் தவறாமல் வையுங்கள். உணவு நேரம் ஒழுங்கானால் கழிக்கும் நேரமும் ஒழுங்காகும்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். தோட்டம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் மணல் பரப்பிய தட்டு போதும். கழித்து முடித்த அந்த நொடியே பாராட்டிச் சிறு தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தரையை முகர்ந்துகொண்டு வட்டமிட்டால் உடனே தூக்குங்கள். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இரவிலும் ஒருமுறையாவது எழுந்தாக வேண்டும்.

தவறிய இடத்தில் வாடை நின்றால் மறுபடி அங்கேயே போகும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம் வாடையை நன்றாகப் போக்கும். பினாயில் போட்டுத் துடைத்தால் தரை காயும்வரை குட்டியை விடாதீர்கள். காலை நக்கியே அதை விழுங்கிவிடும்.

ஊசி முடியும்வரை

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை தொடரும். முதல் ஊசி போட்டாயிற்று என்று தெருவில் இறக்கிவிடுவது ஆபத்து. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அதன் அறிகுறிகளான வாந்தியும் ரத்தம் கலந்த கழிச்சலும் கண்டால், குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துக் காத்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். தெருவில் இறக்கக் கூடாது என்பதற்காகக் குட்டியை அடைத்தும் வைக்காதீர்கள். கையில் ஏந்தி ஆட்டோ சத்தத்தையும் புது மனிதர்களையும் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் பார்த்துப் பழகாதவற்றுக்குப் பின்னாளில் மிரளும்.

வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்றாவது மாதத்தில் போடப்படும். குட்டிதானே என்று அது உங்கள் மேல் போடும் கீறலை அலட்சியம் செய்யாதீர்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பூச்சி மருந்தும் கொடுக்கக் கூடாதவையும்

உருண்டைப் புழு தாயின் கருப்பையிலும் பாலிலும் இருந்தே குட்டிக்கு வந்துவிடும், குழந்தைகளுக்கும் பரவும். மூன்று மாதம்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை, எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு. காய்ச்சலுக்கு நம் பாராசிட்டமாலையும் கொடுக்கக் கூடாது.

நன்கு பழகிய குட்டி திடீரென்று வீட்டுக்குள் அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால் அதைக் குறும்பு என்று எண்ணாதீர்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.