எண் உருகிப்போன எஞ்சின்கள்
(தொடர் – 11)

பர்மிங்ஹாமை ஒட்டியிருக்கும் தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம், பிரிட்டனில் தயாரான வண்டிகளுக்கென்றே 1984-இல் தொடங்கப்பட்டது. 2003 செப்டம்பர் 16 அன்று அங்கே தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட ஒரு சிகரெட் துண்டுதான் காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அங்குள்ள அரங்குகளில் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் ஊழியர்களோடு சேர்ந்து, கைக்கு எட்டிய வண்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் ஏறத்தாழ 380 வண்டிகள் எரிந்துபோயின. பிறகு அவற்றில் மிகப் பலவற்றைக் கைதேர்ந்த கம்மியர்கள் மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அதைக் காட்டி, “பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தீ எதைத் தின்றது என்று பார்க்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். முற்றிப் பரவிய கட்டடத் தீயில் வெப்பம் அதையும் தாண்டிப் போகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் எஞ்சினின் அடிக்கூடு பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. எஞ்சின் எண்ணைப் பொறித்திருப்பதும் அதன் மேல்தான். அது உருகினால் எண்ணும் உருகிவிடும். எஃகுச் சட்டம் மட்டும் நெளிந்து எஞ்சும். அதன் மேல் புதுக் கூட்டை ஏற்றி, புது வண்ணம் பூசி நிறுத்தினால் வண்டி ஓடும், அதே ஓசையும் எழுப்பும். ஆனால் அந்தக் காலத் தொழிலாளி அரம் போட்ட தடமும், அவர் கையால் இழுத்த பொன்கோடும், எழுபது எண்பது ஆண்டு ஓட்டத்தில் விழுந்த தேய்மானமும் திரும்பி வராது. அந்த வண்டி எப்படிச் செய்யப்பட்டது, எப்படிப் பயன்பட்டது என்பதற்கு அவைதாம் சான்று.

இயந்திரம் என்பதே மாற்றத்தக்க உறுப்புகளின் தொகுப்பு; வரைபடம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். இதற்கு விடை அருகிலேயே, கோவென்ட்ரியில் இருக்கிறது. 1957 பிப்ரவரி 12 அன்று ஜாகுவார் நிறுவனத்தின் பிரவுன்ஸ் லேன் ஆலை எரிந்தபோது, 25 செய்யத் திட்டமிட்டிருந்த எக்ஸ்.கே.எஸ்.எஸ். கார்களில் 9 அழிந்தன. 2016-இல் அதே நிறுவனம் அந்த 9 கார்களையும் புதிதாகச் செய்து தரப்போவதாக அறிவித்தது. செய்தவர்கள் அசல் நிறுவனத்தார். செய்முறையும் பழையபடி கைவேலையே. அப்படியும் அவற்றுக்குத் ‘தொடர்ச்சி’ கார்கள் என்றே பெயரிட்டார்கள். தப்பிய 16-இன் வரிசையில் வைத்து யாரும் எண்ணுவதில்லை. வரைபடம் வடிவத்தைத் தரும், வயதைத் தராது.

ஆகவே, எரிந்தபின் செய்யும் எதையும் காப்பு என்று சொல்லக் கூடாது. காப்பு என்றால் தீக்கு முன்னால் இருக்க வேண்டும். கூரையில் தானியங்கி நீர்த்தெளிப்பான் வைப்பதற்குச் சேகரிப்பாளர்கள் தயங்குவது தண்ணீருக்குப் பயந்து. எங்கோ புகை எழுந்தாலும் கூடம் முழுக்க மழையாகக் கொட்டும் என்று நினைக்கிறார்கள். சினிமாவில்தான் அப்படி. வழக்கமான தெளிப்பான் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் உண்டு. பெரும்பாலும் 68 டிகிரி வெப்பத்தில் அது வெடிக்கும். புகைக்கு அது அசையாது. வெப்பம் தாக்கிய தெளிப்பான் மட்டுமே திறக்கும், மற்றவை மூடியே இருக்கும். நனைந்த வண்டியைத் துடைத்து, கழற்றி, உலர்த்தித் துருப்பிடிக்காமல் தடுக்க வழி உண்டு. உருகிய எண்ணுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. செலவு பெரிது என்பது மெய்தான். அந்த அருங்காட்சியகமும் 2003 வரை தெளிப்பான் இல்லாமலேதான் இருந்தது. 2004 டிசம்பரில் மீண்டும் திறந்தபோது கூரையில் அவை பொருத்தப்பட்டிருந்தன.