கற்றாழைக்கு இடம் வேண்டும்

பலர் வீட்டு வாசலில் தொட்டியில் சோற்றுக் கற்றாழை வளர்க்கிறார்கள். வட இந்தியாவில் இதைக் கிருதகுமாரி என்பார்கள்.

இரண்டு மூன்று வருடம் செடி செழிப்பாக வளரும். பிறகு இலை மெலியும். நுனி காயும். தாய்ச் செடியைச் சுற்றிக் கன்றுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். செடி வாடுகிறதே என்று தண்ணீரை அதிகமாக ஊற்றுவார்கள். வேர் அழுகும். செடி செத்துப்போகும்.

அந்தச் செடிக்குத் தேவை தண்ணீர் அல்ல, இடம்.

இடம் போதவில்லை என்று எப்படித் தெரியும்?

தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் உடனே வடியும். தொட்டிக்குள் மண்ணைவிட வேர் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

கன்றுகளைப் பிரிப்பது எப்படி?

1. மூன்று நாள் முன்பே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். காய்ந்த மண் எளிதில் உதிரும். அடைமழை நாட்களில் இந்த வேலை வேண்டாம்.

2. தொட்டியைச் சாய்த்து, பக்கங்களில் தட்டி, செடியை மண்ணோடு வெளியே எடுக்க வேண்டும். இலையைப் பிடித்து இழுத்தால் ஒடிந்துவிடும்.

3. மண்ணை உதிர்த்து, வேர் உள்ள கன்றுகளைக் கையால் பிரிக்க வேண்டும். பிரியாவிட்டால் சுத்தமான கத்தியால் வெட்டலாம். மிகச் சிறிய கன்றைத் தாயுடனேயே விட்டுவிட வேண்டும். அழுகிய வேரை வெட்டி எறிய வேண்டும்.

4. பிரித்த செடிகளை இரண்டு நாள் நிழலில் வைக்க வேண்டும். வெட்டுக்காயம் காயாமல் நட்டால் அதன் வழியே அழுகல் நோய் ஏறும். கற்றாழை தன் இலையில் நீரைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதனால் இரண்டு நாளில் வாடாது.

5. தோட்ட மண்ணும் மணலும் சம அளவு எடுத்து, கொஞ்சம் மக்கிய எரு கலக்க வேண்டும். தொட்டியின் ஓட்டை மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து, முன்பு இருந்த ஆழத்திலேயே நட வேண்டும். ஓட்டை போட்ட பழைய வாளி, தகர டப்பாவும் தொட்டிதான்.

6. நான்கைந்து நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர். இரண்டு வாரம் கடும் வெயில் படக் கூடாது. பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

எச்சரிக்கை: வெட்டும்போது வரும் மஞ்சள் பால் சிலருக்கு அரிப்பு தரும். வயிற்றுக்குள் போனால் வயிற்றுப்போக்கு உண்டாகும். வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும்.

கன்றுகள் என்ன ஆகும்?

ராஜஸ்தானில் பிப்லாந்திரி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே பெண் குழந்தை பிறந்தால் 111 மரக்கன்று நடுகிறார்கள். 2006-ஐ ஒட்டி இந்த வழக்கம் தொடங்கியது. மரங்களைக் கரையான் அரிக்காமல் இருக்கச் சுற்றிலும் கற்றாழை நட்டார்கள். பின்னர் அதே கற்றாழையில் பொருள்கள் செய்து விற்று, அவ்வூர்ப் பெண்கள் வருமானம் பார்த்தார்கள்.

ஒரு தொட்டிக்குள் நெருங்கிக் கிடக்கும் ஐந்து கன்றுகள் ஐந்து வீட்டுக்குப் போகலாம். தாய்ச் செடியும் பிழைக்கும்.