பூட்டிய அறையும் புத்தக அலமாரியும்

தில்லைக் கோயிலில் மூவரின் கை இலச்சினையோடு பூட்டிக் கிடந்த அறையை இராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறப்பித்த வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். உமாபதி சிவம் அருளிய திருமுறை கண்ட புராணம் அதனை விரித்துரைக்கிறது. தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நெகிழ்த்தி எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் நிறுத்தினோம் என்று அசரீரி எழுந்ததாம். திருவுள்ளம் அதுவாயின் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் ஏட்டைப் பேணுவோர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும்: காற்றும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அற்ற இடத்தில் பூட்டு மட்டும் காவலாகாது.

நம் வீடுகளிலும் அத்தகைய அறைகள் உண்டு. தாத்தா பாராயணம் செய்த திருவாசகமும், பாட்டியின் கந்த சஷ்டி கவசமும், பழைய பஞ்சாங்கங்களும் பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றி உறங்குகின்றன. வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் கூறுகிறேன்: நாள்தோறும் புரட்டப்பட்ட லெட்ஜரைப் பூச்சி அண்டுவது அரிது, மூலையில் அடுக்கிய லெட்ஜரே முதலில் இரையாகும்.

காத்திவாக்கத்தில் இது சற்றுக் கடினமான காரியம். கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம். உப்புத்துகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தாளில் சேர்க்கும். எண்ணூர் அனல் மின்நிலையம் 2017-இல் மூடப்பட்டபோதிலும், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி இன்னும் எரிகிறது. அப்புகையிலுள்ள கந்தக வாயு தாளின் ஈரத்தோடு கூடி அமிலமாகும். சென்ற நூற்றாண்டின் மலிவுத் தாளில் உற்பத்தியின்போதே அமிலம் உண்டு. அதனோடு இதுவும் சேர, மடித்த இடத்தில் ஏடு அப்பளமாய் நொறுங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பூக்கும். கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான்.

ஆகவே காற்றும் வேண்டும். எந்தக் காற்றும் ஆகாது. மழையற்ற நாளில், காலைப் பனி விலகிப் பத்து மணிக்கு மேல், கடற்காற்று எழுமுன் அலமாரியைத் திறந்து வைப்பது நலம். பிற்பகலில் மூடிவிடலாம். புத்தகங்களை நிழலில் விரித்துலர்த்த வேண்டும். வெயில் ஈரத்தோடு தாளின் உயிரையும் உறிஞ்சும். பீரோ சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளியும், தரையிலிருந்து உயர்ந்தும் நிற்கட்டும்.

நவராத்திரியில் நூல்களை எடுத்துத் தூசி தட்டி அடுக்கும் வழக்கத்தை வெறும் சடங்கென்று சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர் வீட்டிலுள்ள ஏடெல்லாம் ஒருமுறை வெளியே வருகின்றனவே! ஆனால் ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் நூலின் அட்டையில் இடுவது தகாது. பலகைக்கும் விரித்த பட்டுக்கும் இடலாம். கலைமகள் குறை சொல்ல மாட்டாள். விளக்கின் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும் பூஜையறை மாடத்தில் அன்றாடப் பாராயண நூல் ஒன்றிரண்டு இருந்தால் போதும்.

பூச்சிக்கு வசம்பு, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்துச் சிறு துணிமுடிப்பாக வைப்பது முன்னோர் முறை. வேப்பிலையானால் சருகாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சிலை ஈரத்தையே கொண்டுவரும். நாப்தலின் உருண்டையை நான் விரும்புவதில்லை. அதன் நெடி முதியோர் உறங்கும் அறைக்கு ஏற்றதன்று.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பகுதியின் வீடுகளுள் எண்ணெய் கலந்த நீரே புகுந்தது. அவ்வாறு நனைந்த நூலை மீட்பது அரிது. வெறும் மழைநீரில் நனைந்ததானால் இரண்டு நாளுக்குள் செயற்பட வேண்டும். ஒட்டிய தாள்களைப் பிரிக்க முயலாமல், இடையிடையே அச்சிடாத வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக்கு அருகே நிறுத்தி வைக்கவும். உடனே இயலாதெனில் பிளாஸ்டிக் உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாம். பூஞ்சணம் காத்திருக்கும், நூல் பிழைக்கும்.

ஓலைச்சுவடி இருப்பின் கைவைத்தியம் வேண்டா. நூலகங்களில் அவற்றிற்கு எலுமிச்சைப்புல் தைலம் பூசுவதுண்டு. அதற்குப் பழகிய கை வேண்டும். பெசன்ட் நகரில் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. பழைய அச்சு நூல்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உண்டு. பேரப்பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் சென்று காட்டி வாருங்கள்.